கூம்பி நிற்கும் கோழிக்குஞ்சு: காரணம் காண்பது எப்படி?



காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியவுடன் குஞ்சுகள் எல்லாம் தாய்க்கோழியின் பின்னால் ஓடுகின்றன. ஒன்று மட்டும் ஓடவில்லை. இறக்கையைத் தொங்கவிட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடி நிற்கிறது. "குஞ்சு தூங்குது, சீக்கு வந்துட்டுது" என்கிறார்கள் வீட்டில். அன்று மாலைக்குள் ஏதாவது ஒரு மருந்து அதன் வாயில் ஊற்றப்பட்டுவிடுகிறது. எந்த நோய்க்கு அந்த மருந்து என்று கேட்பார் இல்லை.

நம் வீடுகளில் கோழி என்பது பெரும்பாலும் பெண்களின் கைமுதல். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், விருந்தாளிக்குக் குழம்பு, அவசரத்துக்கு நூறு ரூபாய் எல்லாம் அந்தக் கூட்டிலிருந்துதான் வருகின்றன. ஆகவே ஒரு குஞ்சு கூம்பினால் அதற்கு என்ன காரணம் என்று நாமே ஓரளவு கண்டுகொள்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நான் செய்த தவறு

நான் உழவியல் கற்பிப்பவன். கால்நடை மருத்துவன் அல்லன். ஆயினும் வீட்டுக் கொல்லையில் சில நாட்டுக்கோழிகளை வளர்த்து வருகிறேன். ஓர் ஐப்பசி மாதம் அடைமழை பெய்து கொண்டிருந்தது. ஐந்து வார வயதுடைய பதினொரு குஞ்சுகளில் மூன்று கூம்பி நின்றன. சின்ன வெங்காயமும் மிளகும் மஞ்சளும் அரைத்து உருட்டிக் கொடுத்தோம். மறுநாள் கடையில், "குஞ்சுக்கு வெள்ளைக் கழிச்சல்" என்று நானாகவே ஒரு பெயரைச் சொல்லி, ஏதோ மாத்திரை வாங்கி வந்து கரைத்து ஊற்றினேன். மூன்றாம் நாள் நான்கு குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

புதைக்கப் போனவனை என் தாயார் தடுத்தார்கள். "செத்ததை வீணாய்ப் புதைக்காதே, டாக்டரிடம் காட்டு" என்றார்கள். கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் ஒரு குஞ்சை அறுத்துக் காட்டினார். குடலின் கடைசியில் இரு பக்கமும் இருக்கும் குருட்டுக்குடல்கள் இரண்டும் இரத்தம் நிறைந்து, கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தன. அது இரத்தக் கழிச்சல் நோய். "எச்சத்தைப் பார்க்கவில்லையா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை.

நெற்பயிர் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, நீர் தேங்கி வேர் அழுகியதா என்று பிடுங்கிப் பார்க்காமல் யூரியா தூவாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லி வருபவன் நான். என் வீட்டுக் குஞ்சுக்கு அந்த விதியை மறந்துவிட்டேன். பயிருக்கு மஞ்சளிப்பு எப்படியோ, குஞ்சுக்குக் கூம்புதல் அப்படி. அது நோயின் பெயர் அன்று; பல நோய்களுக்கும் பொதுவான ஓர் அடையாளமே ஆகும்.

முதலில் செய்ய வேண்டியது

காரணம் தெரியும் முன்பே செய்யக்கூடிய வேலைகள் மூன்று உள்ளன. கூம்பிய குஞ்சைப் பிரித்து வேறு கூடையில் வையுங்கள். அடியில் காய்ந்த சாக்கும் வைக்கோலும் இட்டு, காற்று நேராக அடிக்காத கதகதப்பான இடத்தில் வைத்து, சுத்தமான நீர் கொடுங்கள். நோயுற்ற குஞ்சு தீனி எடுக்காவிட்டாலும் நீர் குடிக்கும். நல்ல குஞ்சுகளுக்கு முதலில் தீனி நீர் வைத்துவிட்டு, கடைசியாக நோயுற்றதைக் கவனியுங்கள். பின்பு கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கூடையின் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைப்பது மிகவும் பயனுள்ளது. இரவில் இட்ட எச்சம் காலையில் அதில் தெளிவாகத் தெரியும். கொல்லை மண்ணில் இது தெரியாது. மழை நாளில் அறவே தெரியாது.

இதன் பிறகு கீழ்க்கண்ட கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. வயது என்ன?

பொரித்த முதல் வாரத்தில் கூம்புவதற்குப் பெரும்பாலும் குளிரே காரணம். தாயில்லாமல் வளர்க்கும் குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் தேவை. பிறகு வாரத்திற்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். குஞ்சுகள் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கிடந்தால் குளிர். விலகி ஓரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் அதிகம்.

மூன்று வாரத்திற்கு உட்பட்ட குஞ்சுகளின் ஆசனவாயில் சுண்ணாம்பு போன்ற எச்சம் ஒட்டி அடைத்திருந்தால், தாயின் முட்டை வழியாகவே வரும் புல்லோரம் என்னும் நோயாகவும் இருக்கக்கூடும். மூன்று முதல் எட்டு வாரம் வரையுள்ள குஞ்சுகளில், அதிலும் மழைக்காலத்தில், முதலில் நினைக்க வேண்டியது இரத்தக் கழிச்சல். ஒன்றரை மாதத்திற்கு மேற்பட்ட விடைக்கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக்கொண்டு விழுந்து கிடந்தால் மாரெக்ஸ் நோய் என்று ஐயுறலாம்.

2. எத்தனை, எவ்வளவு வேகம்?

ஒன்று மட்டும் பல நாட்களாக மெலிந்து வருகிறதா? அல்லது நேற்று நன்றாக இருந்தவை இன்று பலவாகக் கூம்பியுள்ளனவா? குஞ்சுகள் மட்டுமா, பெரிய கோழிகளுமா? இக்கேள்விகள் மிக முக்கியமானவை. இரத்தக் கழிச்சல் பெரும்பாலும் குஞ்சுகளையே தாக்கும். பழகிய பெரிய கோழிகள் எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கும். இராணிக்கெட் எனப்படும் கோழிக் கழிச்சல் நோய் தடுப்பூசி போடாத கோழிகளைக் குஞ்சு, பெட்டை, சேவல் என்று பாராமல் தாக்கி, சில நாட்களில் கூட்டையே காலி செய்துவிடும்.

நஞ்சு உண்டால் இதைவிட வேகமாகச் சாவு ஏற்படும். இது எங்கள் துறையைச் சேர்ந்த செய்தியாதலால் சற்று அழுத்திச் சொல்லுகிறேன். மருந்து கலந்த விதையை விதைத்த மறுநாளோ, வயலில் பூச்சிக்கொல்லிக் குருணை இட்ட அன்றோ, எலிக்கு நஞ்சு வைத்த மறுநாளோ கோழிகள் திடீரென்று எச்சில் ஒழுக, கால் தள்ளாடி, வலிப்புக் கண்டு விழுந்தால் அதை நோய் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். என்ன மருந்து என்பதைக் காட்டும் பொட்டலத்தையும் கோழியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மீந்த விதையைக் கொல்லையில் கொட்டாதீர்கள்.

3. எச்சம் எப்படி இருக்கிறது?

நல்ல கோழியின் எச்சம் பழுப்பு அல்லது கரும்பச்சை நிறத்தில், உருவத்துடன், மேலே வெள்ளைத் தொப்பி வைத்தாற்போல் இருக்கும். அந்த வெள்ளை, கோழியின் சிறுநீர்க் கழிவே ஆகும். அதைக் கண்டு வெள்ளைக் கழிச்சல் என்று அஞ்ச வேண்டாம். இடையிடையே பசை போன்ற, கெட்ட நாற்றமுள்ள பழுப்பு நிற எச்சமும் இடும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, இயல்பானதே.

எச்சத்தில் புது இரத்தம் கலந்திருந்தால் இரத்தக் கழிச்சல் என்று ஐயுறலாம். ஆனால் குடலின் வேறு பகுதிகளைத் தாக்கும் இரத்தக் கழிச்சல் வகைகளில் இரத்தம் கண்ணுக்குத் தெரியாமல், சளியும் நீருமாகக் கழிவதும் உண்டு. பச்சையும் வெள்ளையுமாக நீர்போல் கழிந்தால் இராணிக்கெட் நோயை நினைக்க வேண்டும். எனினும் பல நாள் தீனி எடுக்காத எந்தக் கோழியும் பச்சையாகக் கழியும். ஆகவே எச்சத்தின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. மற்ற அடையாளங்களுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். எச்சத்தில் புழுவோ, அரிசி போன்ற வெள்ளைத் துண்டுகளோ நெளிந்தால் குடற்புழு உள்ளது.

4. மூச்சும் முகமும்

இரவில் கோழிகள் அடங்கிய பின் கூட்டின் அருகே சற்று நேரம் சத்தமின்றி நில்லுங்கள். கரகரப்பும் தும்மலும் அப்போது நன்கு கேட்கும். முகம் வீங்கி, மூக்கில் நாற்றமுள்ள சளி வடிந்தால் அது சளி நோய் வகையைச் சேர்ந்தது. கொண்டையிலும் கண்ணிமையிலும் அலகோரத்திலும் மருப் போன்ற கொப்புளங்கள் இருந்தால் அம்மை. இது கொசு மூலமும் பரவும். அம்மையில் கண் ஒட்டிப்போன குஞ்சு தீனி தெரியாமல் பட்டினியால் சாகும். அதற்குக் கையால் தீனியும் நீரும் கொடுத்தால் பல பிழைத்துக்கொள்ளும்.

5. கழுத்தும் காலும்

கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளுதல், வட்டமாகச் சுற்றுதல், இறக்கையும் காலும் விழுந்துபோதல் ஆகியவை பச்சைக் கழிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இராணிக்கெட் நோயே. சின்னக் குஞ்சின் கால் விரல்கள் உள்ளே சுருண்டிருந்தால் ரிபோஃபிளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்துக் குறைவாக இருக்கலாம். வெறும் நொய்யும் தவிடும் தின்று கூட்டிலேயே அடைபட்ட குஞ்சுகளில் இது தோன்றும்.

6. கையில் எடுத்துப் பாருங்கள்

கோழி தொட்டால் சுடுகிறது என்று காய்ச்சலாக எண்ணாதீர்கள். அதன் உடல் வெப்பம் இயல்பாகவே ஏறத்தாழ 41 டிகிரி சென்டிகிரேடு இருக்கும். மார்பின் நடுவே ஓடும் எலும்பைத் தடவிப் பாருங்கள். இரு புறமும் சதைப்பற்று இருந்து, குஞ்சு கூம்பினால் நோய் புதியது. எலும்பு கத்திபோல் உறுத்தினால் நோய் பல நாளாக உள்ளது. குடற்புழு, பேன், போதாத தீனி ஆகியவற்றை நினைக்க வேண்டும்.

கழுத்தடியில் உள்ள இரைப்பையை விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். அது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்போல் கெட்டியாக இருந்தால் நாரோ, கயிறோ, முற்றிய புல்லோ அடைத்திருக்கலாம். அடுத்து, ஆசனவாயைச் சுற்றியும் இறக்கையின் அடியிலும் இறகை விலக்கிப் பேன் உள்ளதா என்று பாருங்கள். கொண்டை வெளுத்திருந்து உடலில் ஒன்றும் தெரியாவிட்டால், இரவில் விளக்குடன் சென்று கூட்டின் இடுக்குகளைப் பாருங்கள். பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் செந்நிறச் சிற்றுண்ணிகள் உண்டு.

இரத்தக் கழிச்சல்: நீக்கும் முறை

இந்நோயை உண்டாக்கும் ஒற்றைச்செல் உயிரியின் கருக்கூடு, நோயுற்ற குஞ்சின் எச்சத்தோடு வெளியேறுகிறது. ஈரமும் வெப்பமும் இருந்தால் ஓரிரு நாளில் அது நோய் தரும் பக்குவம் அடைகிறது. வேறொரு குஞ்சு அதைக் கொத்தித் தின்று நான்கைந்து நாட்களில் இரத்தமாகக் கழிகிறது. சாதாரணக் கிருமிநாசினிகள் இக்கருக்கூட்டை எளிதில் கொல்வதில்லை. ஆகவே ஈரத்தைப் போக்குவதே இதற்கு முதல் மருந்து எனலாம்.

ஈரக் கூளத்தை அள்ளி எரித்துவிட்டு, தரை காய்ந்த பின் புதிய உமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்புங்கள். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல்லின் மேல் வைத்தால் நீர் சிந்தி நனைவது குறையும். தீனியைத் தரையில் இறைக்காமல் தட்டில் வையுங்கள்.

மருந்தாக ஆம்ப்ரோலியம் கொடுக்கப்படுகிறது. 20 சதவிகிதத் தூளாக இருந்தால் ஒரு லிட்டர் குடிநீருக்கு 1.2 கிராம் வீதம் கலந்து 5 நாட்கள் கொடுப்பது வழக்கம். பொட்டலத்தில் உள்ள சதவிகிதத்தைப் பார்த்து, மருத்துவரைக் கேட்டு அளவை உறுதி செய்துகொள்ளுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கொல்லையில் வேறு குட்டை நீர் இருந்தால் குஞ்சுகள் மருந்து நீரைத் தொடா. ஆகவே அந்நாட்களில் அடைத்து வையுங்கள். இம்மருந்து பி1 உயிர்ச்சத்துக்கு எதிராக வேலை செய்வதாதலால், அச்சமயம் உயிர்ச்சத்து டானிக்கைச் சேர்த்துக் கொடுத்தால் மருந்தின் பலன் குறையும். கூம்பியதற்கு மட்டுமின்றி, அதனுடன் இருந்த எல்லாக் குஞ்சுகளுக்கும் கொடுக்க வேண்டும். என் வீட்டில் எஞ்சிய ஏழில் ஒன்று இறந்தது, ஆறு பிழைத்தன.

இராணிக்கெட் நோய்: தடுப்பு ஒன்றே வழி

இமயமலை அடிவாரக் குமாவூன் பகுதியில் உள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் 1927ஆம் ஆண்டில் இந்நோய் காணப்பட்டதால் நம் நாட்டில் இப்பெயர் நிலைத்துவிட்டது. இது நச்சுயிரியால் வருவது. வந்த பின் குணப்படுத்த மருந்து இல்லை. கடையில் எந்த மாத்திரை கொடுத்தாலும் பயன் இல்லை.

பொரித்த 7ஆம் நாளையொட்டி எஃப்1 அல்லது லசோட்டா தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். நான்காம் வாரத்தில் லசோட்டாவைக் குடிநீரில் மீண்டும் கொடுக்கலாம். எட்டாம் வாரத்தில் ஆர்2பி தடுப்பூசியை 0.5 மில்லி லிட்டர் இறக்கையின் தோலுக்கடியில் போட வேண்டும். இது வீரியம் கூடியதாதலால் சின்னக் குஞ்சுகளுக்குப் போடக்கூடாது. மருந்தைப் பனிக்கட்டியுடன் எடுத்து வந்து, வெயில் படாமல், கலந்த இரண்டு மணி நேரத்திற்குள் முடித்துவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள கோழிகளுக்கே போட வேண்டும். ஒரு வீட்டுக்காரர் தனியே வாங்குவது கடினம். ஒரு குப்பி பல கோழிகளுக்கு உரியது. தெருவினர் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வது நல்லது. கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டிக் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

செத்த குஞ்சை என்ன செய்வது?

செத்த குஞ்சு நட்டம்தான். ஆனால் மற்றவற்றைக் காக்கும் சாட்சியும் அதுவே. செத்துச் சில மணி நேரத்திற்குள் பாலிதீன் உறையில் இரட்டையாகக் கட்டி மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். வெயிலில் கிடந்து அழுகியதால் பயன் இல்லை. காட்டிய பின் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வாய்க்காலிலோ குப்பையிலோ எறிந்தால் நாயும் காகமும் நோயை அடுத்த தெருவிற்குக் கொண்டு செல்லும்.

சாகும் முன் அறுத்துத் தின்பதும், சந்தைக்கு அவசரமாகக் கொண்டுபோய் விற்பதும் கூடாது. சந்தையிலிருந்து வாங்கி வந்த கோழியை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே நம் கூட்டில் சேர்க்க வேண்டும். மருந்து கொடுக்கும் நாட்களிலும் அதன் பிறகு மருத்துவர் சொல்லும் கெடு வரையிலும் முட்டையும் இறைச்சியும் உண்ண வேண்டாம்.

ஊரில் பல வீட்டுக் கோழிகளோ, குளத்துப் பறவைகளோ காரணமின்றி ஒரே சமயத்தில் மடிந்தால் கையால் தொடாதீர்கள். நம் நாட்டில் 2006ஆம் ஆண்டில் முதலில் கண்டறியப்பட்ட பறவைக் காய்ச்சல் மனிதர்க்கும் தொற்றக்கூடியது. கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு உடனே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் முறை

அடுத்த ஆண்டு மாசியில் என் வீட்டில் மீண்டும் கோழிகள் கூம்பின. மீதமிருந்த ஆம்ப்ரோலியத்தை எடுக்கக் கை போனது. இம்முறை முதலில் கூடையில் செய்தித்தாளை விரித்தேன். எச்சம் பச்சை, இரத்தம் இல்லை. இரண்டு வயதுப் பெட்டையும் கூம்பியிருந்தது. மார்பில் சதை இருந்தது. ஒரு விடைக்கோழியின் கழுத்து திருகத் தொடங்கியிருந்தது. நான்கு நாட்களுக்கு முன் சந்தையிலிருந்து ஒரு சேவல் வந்திருந்தது. செத்த கோழியை அறுத்துப் பார்த்து, இராணிக்கெட் என்று மருத்துவர் உறுதி செய்தார்.

என் பதினான்கு கோழிகளில் ஒன்பது போயின. வேலை மும்முரத்தில் தடுப்பூசியைத் தள்ளிப் போட்டவன் நான்தான். பெயர் தெரிந்ததனால் என் கோழிகள் பிழைக்கவில்லை. ஆனால் அன்று மாலையே தெருவில் சொன்னேன். மறுநாள் காலை மருந்தகத்திலிருந்து வந்து, இன்னும் நோய் காணாத வீடுகளில் எல்லாம் ஊசி போட்டார்கள். எங்கள் தெருவின் கீழ்க்கோடியில் ஒரு மூதாட்டிக்குப் பதினேழு கோழிகள். அவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை.

ஆகவே அடுத்த முறை குஞ்சு கூம்பினால் மருந்துப் பொட்டலத்தைத் தேடுவதற்கு முன் வயது, எண்ணிக்கை, வேகம், எச்சம், மூச்சு, கழுத்து கால், மார்பெலும்பு என்ற ஏழையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய தாளை மருந்தகத்திற்குக் கையோடு கொண்டு செல்லுங்கள். பார்த்து எழுதக் கால் மணி நேரம் போதும்.